ஏழு குதிரைக்குப் பதிலாக: வீட்டுக்கு ஓர் ஒரிஜினல் ஓவியம் வாங்குவது எப்படி

புது வீட்டுக்குக் குடிபோனவுடன் ஹாலில் ஒரு சுவர் மட்டும் மொட்டையாக நிற்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த மூன்று கடிகாரங்களில் ஒன்றை மாட்டிப் பார்ப்போம், சரிவராது. அப்புறம் யாராவது ஒரு சித்தப்பா "ஏழு குதிரை ஓடுற படம் மாட்டு, வாஸ்துவுக்கு நல்லது" என்பார். ஆன்லைனில் தேடினால் நாலடி அகலத்தில், பிரேமோடு, ஐந்து துண்டாகப் பிரித்தது, மினுமினுப்பது என்று குதிரைகள் வந்து குவியும். நானும் அந்த வழியில்தான் போக இருந்தேன். அந்த மாதம் தற்செயலாக ஒரு மாணவர் கண்காட்சிக்குள் மழைக்கு ஒதுங்கியதில் தப்பித்தேன்.

அங்கே ஒரு கோட்டோவியம். டிவிஎஸ் 50 வண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு போகும் ஆள். ஆளின் முகம் தெரியாது, குடங்கள்தான் தெரியும், கீழே சக்கரம் பிதுங்கிக்கொண்டிருக்கும். கறுப்பு மை, காகிதம், ஏ3 அளவு, 2,500 ரூபாய். குதிரை பிரிண்டுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்ததில் பாதி. ஒரு மனிதர் கையால் வரைந்த, உலகத்தில் இன்னொன்று இல்லாத பொருள் இந்த விலைக்குக் கிடைக்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் நம்மில் பலருக்கு இருக்கும் தடை பணமில்லை, "அதெல்லாம் பெரிய இடத்து ஆட்கள் சமாசாரம்" என்ற கூச்சம்தான். அதனால் கேலரிக் கதவைத் தள்ளுவதிலிருந்து ஆணி அடிப்பது வரை நான் கற்றதை, சொதப்பியதையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன். சென்னையை வைத்துத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அது.

முதலில் வாங்காதீர்கள்

சோபாவின் நிறத்தையும் சுவரின் அளவையும் குறித்துக்கொண்டு படம் தேடக் கிளம்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. சோபா ஏழெட்டு வருஷத்தில் பழைய சாமான்காரரிடம் போய்விடும், ஓவியம் இருக்கும். குறைந்தது நாலைந்து மாதம் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

நீங்கள் தமிழில் கொஞ்சம் வாசிப்பவராக இருந்தால் இந்த வேலை ஏற்கெனவே பாதி முடிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நம் நவீன ஓவியர்கள் கேலரிக்கு வெளியே அதிகம் வாழ்ந்தது சிறுபத்திரிகைகளிலும் நாவல் அட்டைகளிலும்தான். கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளையும் டிராட்ஸ்கி மருதுவின் உருவங்களையும் பெயர் தெரியாமலேயே எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களை எடுத்து, அட்டைக்கு உள்பக்கம் சின்ன எழுத்தில் "அட்டை ஓவியம்" என்று போட்டிருக்கும் பெயரைப் படியுங்கள். உங்களுக்குப் பிடித்த நாலு அட்டையில் இரண்டை ஒரே ஆள் வரைந்திருந்தால், உங்கள் ரசனை எங்கே சாய்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம். அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போங்கள், சோழமண்டல ஓவியர் கிராமம். மெட்ராஸ் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் தொடங்கியது. ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது, அதனால் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கியிருக்கிறார்கள். இந்தத் தலைமுறை ஓவியர்கள் உருவாக்கிய மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

அங்கே பார்க்க வேண்டியது கோடு. பணிக்கர் ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுத்து மாதிரியும் ஜாதகக் கட்டம் மாதிரியும் தெரிகிற குறிகளால் படத்தை நிரப்பினார், உற்றுப் பார்த்தால் படிக்க முடியாது, ஆனால் படிக்கக் கூப்பிடும். 1973இல் முப்பத்து சொச்ச வயதிலேயே இறந்துபோன கே. ராமானுஜம் பேனா மையால் ஒரு கனவு நகரத்தையே இழைத்தவர். ஆதிமூலம் காந்தியை நூறு விதமாகக் கோட்டில் பிடித்துவிட்டு, பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். இவர்களைப் பார்த்த கண்ணோடு இன்றைக்கு வரைகிற முப்பது வயதுப் பையனின் கண்காட்சிக்குப் போனால், அவன் யாரிடமிருந்து எதை எடுத்திருக்கிறான், எங்கே முறித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறான் என்பது மெல்லப் பிடிபட ஆரம்பிக்கும். பிடிபடாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்று வரைகிறவர்களைப் பார்க்கப் போகவேண்டிய முதல் இடம் கிரீம்ஸ் சாலையில் இருக்கும், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையம். ஓவியர்களே கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைப்பதால், பெரும்பாலும் வரைந்தவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரியமேட்டில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் கல்லூரியிலும் மாணவர்கள் தங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைப்பது உண்டு, விலை குறைவாகவும் துணிச்சல் அதிகமாகவும் இருப்பது அங்கேதான். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே நடக்கும் ஓவியக் கண்காட்சிகளையும் எட்டிப் பாருங்கள். நகரத்தின் தனியார் கேலரிகளுக்கும் தயங்காமல் போகலாம். ஏசி அறை, பேச்சு மூச்சு இல்லை, ஒரு பெண் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விலைப்பட்டியல் சுவரில் இருக்காது, கேட்டால் ஒரு தாளை எடுத்துத் தருவார்கள். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

கொஞ்சம் தூரம் போக முடியுமென்றால் கொச்சி முசிரிஸ் பினாலே, பல நாட்டுக் கலைஞர்கள் கலந்துகொள்ளும் பெரிய கலைக் கண்காட்சி. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை என்பதாலேயே நல்ல பயிற்சி, விலையை மறந்துவிட்டுப் பார்ப்பீர்கள். மாணவர்களுக்கென்று தனிப்பிரிவும் உண்டு, பெயர்களைக் குறித்துக்கொள்ள அது அருமையான இடம். சாம்பிராணியையும் மசாலாப் பொருட்களையும் குழைத்துச் சிற்பம் செய்யும் பெனிதா பெர்சியாலின் வேலை 2014 பினாலேயில் இருந்தது. அந்த மாதிரி வேலையை மூக்காலும் பார்க்க வேண்டியிருக்கும், போனில் பார்த்து ஒன்றும் ஆகாது.

ஒரு சின்ன உத்தி சொல்கிறேன். கண்காட்சியில் ஓவியத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டும் எடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்து, எந்தப் படம் மனசில் வருகிறது என்று சோதியுங்கள். எனக்கு இருபது சீட்டில் இரண்டுதான் தேறும். அந்த இரண்டைத் திரும்பப் போய்ப் பார்ப்பேன், ஒன்று அப்போது அடிபட்டுவிடும்.

ஓவியரிடம் பேசுவது, விலை கேட்பது

"இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று மட்டும் தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவர் அன்றைக்குப் பத்தாவது தடவையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எதில் போட்டீர்கள், எத்தனை நாள் ஆனது, இதற்கு முன்னால் என்ன போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள், ஆள் மலர்ந்துவிடுவார். ஒரு மூத்த ஓவியரிடம் அவர் படம் முழுக்க ஓடும் ஒரு கலங்கிய நீலத்தைப் பற்றிப் பெரிய பீடிகையோடு கேட்டேன். "அந்த மாசம் எங்கிட்ட வேற நீலம் இல்ல தம்பி" என்றார்.

அவர்கள் தங்கள் ஓவியத்தை "வொர்க்" என்பார்கள். "இந்த வொர்க் என்ன விலை?" என்று நேராகவே கேட்கலாம், அதில் அநாகரிகம் ஒன்றுமில்லை. பல ஓவியர்கள் சதுர அங்குலக் கணக்கில்தான் விலை போடுகிறார்கள். அங்குலத்துக்கு 40 ரூபாய் என்று ஒருவர் வைத்திருந்தால், 24க்கு 36 அங்குல கேன்வாஸ் 864 சதுர அங்குலம், 34,560 ரூபாய். அதே ஆளின் 12க்கு 16 அங்குலப் படம் 7,680 ரூபாய்தான். ஆகவே ஒருவரை உங்களுக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது, கையில் காசில்லை என்றால் அவரை விட்டுவிட்டு மலிவான இன்னொருவரிடம் போகாதீர்கள், அவருடைய சின்ன வேலையைக் கேளுங்கள். காகிதத்தில் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கேன்வாஸுக்கு முன் போட்டுப் பார்த்த கோட்டோவியங்கள் அநேகமாக எல்லோரிடமும் ஒரு டிராயரில் கிடக்கும், சில சமயம் கேன்வாஸைவிட அவை உயிரோட்டமாக இருக்கும்.

தி. நகரில் புடவைக்குப் பேசுவது போலப் பாதி விலைக்குக் கேட்பது வேண்டாம். கேலரியில் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோகூட கேலரிக்குப் போகும், மீதியில்தான் ஓவியர் வண்ணமும் கேன்வாஸும் வாங்கி, வாடகையும் கட்ட வேண்டும். தவணையில் தரலாமா என்று கேளுங்கள், அதற்குப் பலரும் சம்மதிப்பார்கள். இன்னொன்று, கேலரியில் பார்த்துவிட்டு ஓவியரின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்க் குறைத்துக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அது அவருக்கும் கேலரிக்கும் உள்ள உறவைக் கெடுக்கும், செய்யாதீர்கள்.

பட்ஜெட் ரொம்பக் குறைவென்றால் நான் எப்போதும் சொல்வது அச்சோவியம். எட்சிங் (உலோகத் தகடு), லித்தோகிராஃப் (கல்), லினோகட் (லினோலியம் விரிப்பு), மரச்செதுக்கு. நம்மூர்க்காரரான ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் இதையே தங்கள் முதன்மைத் துறையாக்கிக்கொண்டவர்கள். தகட்டிலோ கல்லிலோ கட்டையிலோ ஓவியரே வரைந்தோ செதுக்கியோ, மை பூசி, ஒவ்வொன்றாக எடுப்பது. கீழே பென்சிலில் 3/15 என்று இருந்தால், எடுத்த பதினைந்தில் இது மூன்றாவது. பக்கத்தில் பென்சில் கையெழுத்து இருக்கும். இதுவும் ஒரிஜினல்தான். ஆனால் கேன்வாஸ் ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அடித்து "லிமிடெட் எடிஷன்" என்று நம்பர் போட்டு விற்பது வேறு. நல்ல காகிதத்தில், நியாயமான விலையில், பிரிண்ட் என்று சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை. ஒரிஜினல் விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஓவியர்களைக் கண்டுபிடிப்பது இப்போது சுலபம், நானே இரண்டு பேரை அப்படித்தான் பிடித்தேன். வாங்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது, பக்கவாட்டிலிருந்து எடுத்தது, படத்தின் பின்பக்கம். போனில் எல்லாப் படமும் ஒரே அளவாகத் தெரியும், வந்து பார்த்தால் நோட்டுப் புத்தக அளவில் இருக்கும், அதனால் பக்கத்தில் கையை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கூகுளில் படத்தை வைத்துத் தேடினால், வெளிநாட்டு ஓவியர் எவருடையதையாவது பார்த்து வரைந்ததா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்போது புதிதாக ஒரு வித்தை நடக்கிறது. கேன்வாஸில் பிரிண்ட் அடித்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டு, கையால் வரைந்தது மாதிரி மேடுபள்ளம் காட்டுகிறார்கள். போன் கேமராவை மிக அருகில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள், பிரிண்ட் என்றால் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். தூரிகைத் தடம் ஒரு திசையில் போக, அடியிலிருக்கும் நிறம் அதைக் கண்டுகொள்ளாமல் வேறு திசையில் போனால் சந்தேகமே வேண்டாம். மறைந்த பெரிய ஓவியரின் படம், அவசரத்துக்கு விற்கிறோம், லட்சக்கணக்கில் பெறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சீட்டு, உரிமை

பில் வாங்குங்கள். அதில் ஓவியர் பெயர், தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, ஆண்டு எல்லாம் இருக்கட்டும். ஓவியர் கையெழுத்திட்ட அத்தாட்சிக் கடிதமும் படத்தின் போட்டோவும் சேர்த்து ஒரே கவரில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். எனக்கு இதில் சோம்பல் அதிகம், அதன் விளைவாக என்னிடம் இருக்கும் ஒரு நீர்வண்ணத்தை யார் வரைந்தார்கள் என்றே தெரியவில்லை, கையெழுத்து ஒரு சுழி மட்டும்.

படத்தை வாங்கினால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. வீட்டில் மாட்டலாம், விற்கலாம், பரிசளிக்கலாம். ஆனால் அதை உங்கள் கடைக் காலண்டரில் அச்சடிக்கக் கூடாது. நீங்கள் காசு கொடுத்து உங்களுக்கென்றே வரையச் சொன்ன படத்துக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை உங்களுடையது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத 53ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஒரிஜினல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் ஓவியரோ வாரிசோ பங்கு கேட்கலாம், அதிகபட்சம் 10 சதவீதம். மறுவிற்பனை என்றதும் முதலீடு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான ஓவியங்களுக்குத் திரும்ப விற்கிற சந்தையே கிடையாது. தங்கம் வாங்க நினைத்த காசில் இதை வாங்காதீர்கள்.

பிரேம் கடையில் ஜாக்கிரதை

நான் முதலில் வாங்கிய அந்தக் குடக்காரர் கோட்டோவியத்துக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் சாமி படம் சட்டமடிக்கும் கடையில் கொடுத்தேன். அவர் பழக்கப்படி அட்டையில் பசை தடவி, படத்தை அழுத்தி ஒட்டி, மேலே கண்ணாடியை நேராகப் படத்தின்மேலேயே படியும்படி வைத்து, பின்னால் ஆணியடித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு ஐப்பசி தாண்டியது. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஈரம் கோத்து, குடங்களுக்கு மேலே வெள்ளையாக இருந்த வானத்தில் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை. பிரிக்கலாம் என்று பார்த்தால் பசை விடவில்லை, ஒரு மூலை கிழிந்தது. என் பெண் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு "அப்பா, மழை வருது, அந்த அங்கிளுக்கு இனிமே தண்ணி கிடைக்கும்ல?" என்றாள். கடைக்காரர்மேல் குற்றமில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் காகித வேலை எதுவானாலும் கடையில் இப்படிச் சொல்லுங்கள்: ஒட்டக் கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பேப்பர் டேப்பால் தொங்கவிட வேண்டும், செல்லோ டேப் கிட்டவே வரக் கூடாது. கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்கச் சுற்றிலும் மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டை வேண்டும், அது அமிலம் இல்லாத ஆசிட் ஃப்ரீ அட்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் சில வருஷத்தில் ஓரம் மஞ்சளாகும். கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம். ஆயில் ஓவியம் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே காய மாதக்கணக்காகும், புதிதாக வாங்கியதைப் பிளாஸ்டிக் சுற்றி மூடி வைக்காதீர்கள். கேன்வாஸைச் சுருட்டி எடுத்துவர நேர்ந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, பெரிய குழாயில் சுருட்டுங்கள். எல்லோரும் உள்பக்கம் வைத்துத்தான் சுருட்டுவார்கள், அதில்தான் வண்ணம் மடங்கி விரிசல் விடும்.

மாட்டும் இடம். மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவர், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவர், சமையலறைத் தாளிப்பு எட்டும் இடம், பூஜை அறை வாசல், நேர் வெயில் விழும் இடம், இவை ஐந்தும் வேண்டாம். இதையெல்லாம் கழித்தால் நம்மூர் ஃபிளாட்டில் ஒன்றரைச் சுவர் மிஞ்சும், அது போதும். பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். உயரம்தான் எல்லோரும் தப்புசெய்வது, சாமி படம் மாட்டிய பழக்கத்தில் அண்ணாந்து பார்க்கும்படி மாட்டிவிடுகிறோம். படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும், உட்கார்ந்து பார்க்கும் அறையென்றால் இன்னும் கொஞ்சம் கீழே. சோபாவுக்கு மேலே என்றால் ஆறேழு அங்குல இடைவெளி விட்டால் போதும். ஆணி அடிக்கும் முன் அதே அளவில் செய்தித்தாளை வெட்டி டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வாடகை வீடு, ஓனர் டிரில் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார் என்றால், அலமாரி மேலோ ஷூ ரேக் மேலோ சாய்த்து வைக்கலாம், அதுவும் அழகுதான்.

வாங்க ஆரம்பித்தால் ஒரு கட்டத்தில் சுவர் தீர்ந்துவிடும். அப்போது மாற்றி மாற்றி மாட்டுங்கள், கழற்றியதைப் பழைய காட்டன் வேட்டியில் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். பரணில் மட்டும் போடாதீர்கள், மொட்டை மாடிச் சூடு அங்கேதான் இறங்கும். போன வருஷம் இடமில்லாமல், ஆறு மாசத்துக்கு மட்டும் என்று சொல்லி என் தங்கை வீட்டில் ஒரு லினோகட்டைக் கொடுத்து வைத்தேன். இப்போது கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். அதை மாட்டுவதற்காக அவள் கழற்றிய ஏழு குதிரைகள்தான் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.